புகை மாமாவின் பதினொரு ரீல்கள்

மே 3

அன்புள்ள அத்தைக்கு,

இந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் நடக்கப்போவதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், உள்ளது உள்ளபடி உங்களுக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் மலையில் போன் எடுக்காது என்பதில் அம்மாவுக்குத்தான் வருத்தம், எனக்கு இல்லை. போனில் பேசினால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்வார். கடிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது.

முதலில் உடம்பு விஷயம். அம்மா சௌக்கியம். அப்பா பஸ் டிப்போவில் நாள் முழுக்க நின்று நேரம் குறிப்பதால் கால் வீங்குகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். உங்கள் காது அடைப்பு தேவலையா? குளிரில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அப்பா.

இப்போது செய்தி. அப்பாவின் நண்பர் புகை மாமாவை உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை, நீராவி இன்ஜின்களுக்குப் பின்னாலேயே ஓடியதால்தான் அந்தப் பெயர் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவரும் மாமியும் இதே ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கே குடிபோகிறார்கள். அங்கே இடம் இல்லை என்று ஒரு தகரப் பெட்டியை எங்களிடம் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே கட்டுக் கட்டாக ரயில் புகைப்படங்கள், நெகட்டிவ்கள், பதினொரு சினி ஃபிலிம் ரீல்கள். நம் ஊர் வழியாக ஓடி, பிறகு பிடுங்கப்பட்ட சின்னப் பாதை ரயில் முழுவதும் அதில் இருக்கிறதாம்.

மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை. பெட்டி இத்தனை வருடமும் அடுப்புக்கு நேர்மேலே பரணில் இருந்திருக்கிறது. "நான் சாம்பார் வச்சதா நெனச்சேன், மேல இது ஊறிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் மாமி. தெருமுனையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அக்காவைக் கூட்டிவந்து காட்டினோம். மோந்து பார்த்துவிட்டு, ஃபிலிம் புளிக்கத் தொடங்கிவிட்டது, இனிச் சுருங்கும், சுருங்கிவிட்டால் எந்த மெஷினிலும் ஏறாது என்றார். அவரிடம் ஃபிலிமை ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் மெஷின் இருக்கிறது. மாலை நேரத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூல ரீல்களை வைப்பதற்கு ரயில்வே ஊழியர் மன்றத்தில் ஒரு குளிர் அறை இருக்கிறது. அங்கே வைத்தால்தான் பிழைக்கும்.

அத்தை, எனக்குத் தூக்கமே வரவில்லை. புகைப்படங்களை ஸ்கேன் செய்யும் வேலை எனக்கு.

உங்கள் அண்ணன் மகள்,
பேனா


மே 12

அன்புச் செல்லம் பேனாவுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பஸ்ஸில் வந்தது. காது பரவாயில்லை. அண்ணனிடம் பஞ்சு வைத்திருப்பதாகச் சொல், கால் வீக்கத்துக்குத் தலையணை மேல் காலை வைத்துப் படுக்கச் சொல். மழை ஆரம்பித்துவிட்டது. மழை என்றால் இங்கே வழுக்கி விழுவார்கள், விழுந்தால் எனக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை.

ரீல்களைக் கையால் பிரித்து இழுக்காதீர்கள். விளிம்பை மட்டும் தொடுங்கள். பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், நன்றாக இருக்கும் ரீலை வாடை அடிக்கிற ரீலோடு சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

புகை மாமாவையும் மாமியையும் விசாரித்ததாகச் சொல். பதினொன்றும் இருக்கிறதா?

அன்புடன்,
அத்தை


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். அப்பா தலையணை மேல் கால் வைத்துப் படுத்தார். தலையணை காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பதினொன்றும் இருக்கின்றன. நீங்கள் சொன்னபடியே பிரித்து வைத்தோம். ஸ்டுடியோ அக்கா, "உங்க அத்தை எங்கிட்ட வேலைக்கு வருவாங்களா, கேளு" என்றார்.

புகைப்படங்கள் அற்புதம் அத்தை. நிற்கிற இன்ஜின்கள். சக்கரத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. ஒரு டிரைவர் கொதிக்கிற இன்ஜின் மேல் டீத்தூக்கை வைத்துச் சூடாக்குகிறார். நான் ஊதி ஊதித் தூசி தட்டி ஸ்கேன் செய்தேன். கண்ணை மூடினாலும் சக்கரம்தான் தெரிகிறது.

முதல் ரீலை ஏற்றியதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். படம் முழுக்க ஒரே ஆட்டம். வானம் வந்தது, ஜல்லி வந்தது, யாருடைய செருப்போ வந்தது. ரயில் எங்கே என்றே தெரியவில்லை. அப்பா சிரித்த சிரிப்பில் ஸ்டுடியோ அக்காவின் பூனை ஓடிப்போய்விட்டது. "என்னடா இது, பூகம்பத்தைப் படம் பிடிச்சியா? பேசாம என் பஸ்ஸைப் படம் பிடிச்சிருக்கலாம். அது நின்னு நின்னுதான் போகும்" என்றார். புகை மாமாவுக்கு ஓடுகிற ரயிலைப் பார்த்தால் சந்தோஷத்தில் கை உதறுமாம். அவரே சொன்னார்.

ஆனால் இரண்டாம் ரீலிலிருந்து ஒரு துளி ஆட்டம் இல்லை! ரயில் வளைவில் திரும்பும்போது படமும் கூடவே மெதுவாகத் திரும்புகிறது, யாரோ தண்ணீர்க்குடத்தைச் சிந்தாமல் தூக்கிப் போவது போல. மூன்றாம் ரீலில் ஒரு கட்டத்தைத் தாளில் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி அருகே இன்ஜின் வருகிறது, பாருங்கள்.

பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கும்,
பேனா


மே 29

அன்புள்ள பேனா,

இங்கே நலம். படம் கிடைத்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன்.

உங்கள் படம் இடவலம் மாறியிருக்கிறது. ஃபிலிமின் மங்கலான பக்கமும் பளபளப்பான பக்கமும் ஒன்றல்ல. உங்கள் மெஷினில் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர்த் தொட்டி பாதைக்கு இடப்புறம் இருக்க வேண்டும், ஏணி ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் இந்தத் தவறு நடந்தால் நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்கள். அதனால் எனக்கு இது சட்டென்று கண்ணில் படும்.

எல்லா ரீலையும் திருப்பிப் போட்டு மறுபடி எடுங்கள். அங்கேயும் மழை தொடங்குவதற்கு முன் முடியுங்கள், ஈரக்காற்று அவற்றுக்கு ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

நலம் நலம் நலம். பள்ளி திறந்துவிட்டது. ஆனால் எனக்கு அதைப் பற்றி எழுத நேரமில்லை.

நீங்கள் சொன்னது சரி. இன்ஜினின் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தோம், கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி இருந்தது. ஸ்டுடியோ அக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். இதுவரை எடுத்த மூன்று ரீல்களையும் மறுபடி எடுத்தோம். நாம் இத்தனை பேர் பார்த்தும் தெரியாதது மலைமேல் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அப்பா டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். நான் உங்கள் கடிதத்தைப் புகை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏணி ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நான் உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இப்போது பெரிய சிக்கல். மன்றத்தின் செயலாளர் வந்து பார்த்தார். டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மூன்று ரீலையும் எழுந்து நின்றே பார்த்தார். ஆகஸ்ட் பத்தாம் தேதி மன்ற அரங்கில் பெரிய திரையில் காட்டலாம், மூல ரீல்களைக் குளிர் அறையில் வைக்கலாம் என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மன்றத்தில் ஒரு விதி. படத்தைப் பிடித்தவரே கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தர வேண்டும். இல்லையென்றால் திரையிடவும் மாட்டார்கள், குளிர் அறையில் வாங்கவும் மாட்டார்கள்.

செயலாளர் சம்மதத் தாளையும் எழுதுகிற பேனாவையும் நீட்டினார். புகை மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதல் ரீல் என்னுது. மத்ததை நான் எடுக்கல" என்றார்.

வேறு யார் என்று கேட்டால் சொல்ல மாட்டாராம். வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "நீ எடுக்கலன்னா இன்ஜினே இறங்கி வந்து எடுத்துச்சா?" என்று அப்பா கேட்டார். மாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் சிரிக்கவில்லை. "டிக்கெட் இல்லாத ஆளை நான் என்னைக்கும் ஏத்தினதில்ல" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஜூலைக் கடைசி வரைதான் தவணை.

மூன்றாம், ஏழாம் ரீல்களின் விளிம்பு சுருளத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் கணினியில் பிரதி எடுத்துவிடலாமே என்று நான் சொன்னேன். "பிரதி பிரதிதானே கண்ணு" என்றார் மாமா.

யாராக இருக்கும் அத்தை?

கவலையுடன்,
பேனா


ஜூன் 30

அன்புள்ள பேனா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை. சரிவில் விழுந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வாரம் மணிக்கட்டுகள் அதிகம். காது மறுபடி கொஞ்சம் அடைக்கிறது. சமையற்கட்டில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். நன்றாகப் படி. அம்மாவுக்கு என் அன்பு.

அத்தை

ஏழாம் ரீல் மிகவும் சுருண்டுவிட்டதா?


ஜூலை 7

அன்புள்ள அத்தைக்கு,

காதுக்கு மருந்து போட்டுக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம்தான்.

ஏழாம் ரீல் இன்னும் சுருண்டுவிட்டது. நேற்று அதை எடுத்து முடித்த பிறகு, ஐந்தாம் ரீலை நானும் ஸ்டுடியோ அக்காவும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். மாலை வெயில். ஆற்றுப் பாலத்திலிருந்து ரயில் இறங்கி வருகிறது. புகை மாமா பாதையோரம் நின்று கையை ஆட்டுகிறார், மீசை கருகருவென்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மாமி குடை பிடித்து நிற்கிறார். அப்படியென்றால் கேமரா வேறொருவர் கையில் இருக்கிறது. ரயில் நெருங்க நெருங்கப் படம் பிடிப்பவர் இரண்டடி பின்னால் நகர்கிறார். அப்போது ஜல்லியின் மேல் ஒரு நிழல் விழுகிறது.

முழங்கை இரண்டையும் மார்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணில் கேமராவை வைத்த நிழல். இரண்டு பக்கமும் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய சடை. ஒரு பள்ளிக்கூடப் பெண்.

"ஏணி ஆத்தைப் பாத்து இருக்கணும்னு எழுதினது யாரு?" என்று கேட்டு ஸ்டுடியோ அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "உன் வீட்டு விஷயம், எனக்கு வாய் இல்ல" என்று சொல்லி மெஷினை நிறுத்தினார்.

அத்தை, நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று உங்களுக்குத்தான் சொன்னேன், அப்பாவுக்கு அல்ல. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டையே பார்க்கிறேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா? நீங்கள் சொன்னால் நம்புவேன்.

தவணை இம்மாதக் கடைசி. உலகத்திலேயே நல்ல படம் அது அத்தை. நான் மிகைப்படுத்தவில்லை.

பேனா


ஜூலை 19

என் பேனாவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பொய்யில் சேராது. ஆனால் என்னால் நீ தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டாம்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. தண்டவாளம் சரிபார்க்கும் அதிகாரி அவர். தண்டவாளத்திலேயே ஓடும் சின்ன ட்ராலியில் உட்கார்ந்து வருவார். பாதைமேல் யார் கால் வைத்தாலும் பேர் எழுதிக்கொண்டு போய் அபராதம் போடுவார். சொந்தத் தம்பிக்கே போட்டவர். அவர் வீட்டுப் பெண் நான்.

எனக்குத் தையல் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டார்கள். தினமும் மாலை அண்ணன் என்னைத் தையல் வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே நிற்பார். அந்த வகுப்புக்கு ஒரு பின்கதவு உண்டு. அதைத் திறந்தால் தண்டவாளம். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். புகை மாமா புதுக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தார். ரயில் போன பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த ரயிலுக்கு நான் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான். அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் நான் ஊசியைத் தொடவில்லை. மாமி அப்போது புதுப்பெண். குடையோடு காவல் நிற்பார். தூரத்தில் தாத்தாவின் ட்ராலி தெரிந்தால் குடையை மடக்குவார், நான் பின்கதவுக்குள் ஓடிவிடுவேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கினேன். இத்தனை வருடம் அதைக் காப்பாற்றுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்றுவரை எனக்குச் சட்டைப் பித்தான் தைக்கத் தெரியாது.

தாத்தா போய்விட்டார், அவரை நினைத்து எனக்குப் பயமில்லை. அண்ணனை நினைத்துத்தான். ஒருமுறை யாரோ என்னைப் பாதையோரம் பார்த்ததாகத் தாத்தாவிடம் சொன்னார்கள். அண்ணன், "என் தங்கச்சி வகுப்புலதான் இருந்தா, நான் வாசல்ல நின்னேன்" என்று தாத்தா முன்னால் அடித்துச் சொன்னார். எனக்காகச் சண்டையே போட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது திரையில் என் பேர் வந்தால் அவர் என்ன நினைப்பார்?

ரீல்கள் பரணுக்குத் திரும்பிப் போவதையும் என்னால் நினைக்க முடியவில்லை. நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அத்தை


ஜூலை 23

அன்புள்ள அத்தைக்கு,

காது எப்படி என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சம்மதத் தாள் இத்துடன் இருக்கிறது. நான் உங்களை அவசரப்படுத்தவில்லை. ஆனால் தபாலுக்குக் குறைந்தது நாலு நாள் ஆகும்.

உங்களுக்கு எழுதவா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்தார். மீதி ரீல்களைப் பார்க்க வேண்டும் என்றார். மறுக்க என்ன காரணம் சொல்வது? ஐந்தாம் ரீலும் ஓடியது. அந்த இடம் வந்தபோது நான் அப்பாவையே பார்த்தேன். அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார். பிறகு வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போனார். எங்கள் குழாய் ஒழுகவில்லை அத்தை. போய்ப் பார்த்தால் அவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கோபமா, வருத்தமா, குழாயைப் பற்றிய கவலையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை.

புகை மாமாவிடம் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துகொண்டார். "அப்பாடா. கண்ணு, ஒவ்வொருத்தரும் என்னைப் பாராட்டறப்ப எனக்குத் திருட்டுச் சட்டை போட்டிருக்கற மாதிரி இருக்கும். உங்க அத்தை கைக்கு ஈடு கிடையாது" என்றார்.

காத்திருக்கும்,
பேனா


ஜூலை 28

பேனா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மலையிறங்கும் மருத்துவமனை வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. செயலாளரிடம் நேரில் சேர்.

விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. பத்தாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். அண்ணனிடம் நீ ஒன்றும் சொல்லாதே. நானே சொல்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஏழாம் ரீலை யாரும் பிடித்து நேராக்க வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 10, மன்ற அரங்கு, கடைசி வரிசை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. செயலாளர் உங்களை முதல் வரிசையில் புகை மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டார். எங்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. அதனால் நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்புகிறேன்.

காலையில் டிப்போவில் நீங்கள் இறங்கியபோது அப்பா காதைப் பற்றி மட்டும்தான் கேட்டார். நீங்களும் காதைப் பற்றி மட்டும்தான் சொன்னீர்கள். சாப்பிடும்போதும் அப்படியே. மத்தியானம் நீங்கள் மூன்று தடவை "அண்ணா" என்று ஆரம்பித்து, மூன்று தடவையும் மோர் கேட்டீர்கள். இப்போதும் நொடிக்கொருதரம் திரும்பி அப்பாவைப் பார்க்கிறீர்கள். அரங்கம் நிறைந்துவிட்டது. பழைய டிரைவர்கள், கார்டுகள், அவர்கள் பேரப்பிள்ளைகள். ஸ்டுடியோ அக்கா ப்ரொஜெக்டர் பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்கிறார். ரீல்கள் எல்லாம் மேலே குளிர் அறையில் இருக்கின்றன. இது எல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

இப்போது, இதே நிமிடத்தில், அப்பா என்னிடம் குனிந்து சொன்னார்: "திரும்பித் திரும்பிப் பாக்குறா பாரு உங்க அத்தை. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த நிழல்ல ஒரு சடை மேல இருக்கு, ஒரு சடை கீழ இருக்கு. எங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவாங்க. உங்க அத்தைக்குச் சடை போட்டுவிடறது நான்தான். அப்படிக் கோணலாப் பின்ன இந்த ஊர்லயே என்னை விட்டா ஆள் கிடையாது."

கோபமா அப்பா என்றேன்.

"கோபம் இல்லாமலா? மழையிலயும் வெயில்லயும் தையல் வகுப்பு வாசல்ல நின்னவன் நான். அவ பின்னாடி வழியா ரயில் பாத்துட்டு வந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் பாத்திருப்பேன்ல?" என்றார். பிறகு வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "நல்லா எடுத்திருக்கா. நான் கோபத்துல ஏதாவது சொன்னா அவ வராமலே இருந்துடுவா, இதைப் பெரிய திரையில பாக்கணும்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ அவகிட்டச் சொல்லு. முன்னாடி பாக்கச் சொல்லு. கழுத்துச் சுளுக்கிக்கப் போறா."

அதனால் அத்தை, இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்ததும் திரும்பாதீர்கள். திரையைப் பாருங்கள். முதலில் உங்கள் பேர்தான் வரும், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இன்னும் நிறைய எழுத வேண்டும், ஆனால் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.